பன்னிரண்டு அடியில் தண்ணீர்

‘கனவு இல்லம்’ என்ற வார்த்தையை என் உத்தியோக காலத்தில் நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. விளம்பரத்துக்கு வாசகம் எழுதியே இருபது வருடத்துக்கு மேல் சோறு தின்றவன் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு விளம்பர அலுவலகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் பிழை திருத்தப் போகிறேன். ஓய்வு பெற்ற மனிதன் முழு வாரமும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது நாளே காபி ஆறித்தான் வரும். அந்த அலுவலகத்துப் பிள்ளைகள் மனை விற்பனைக்கு வாசகம் வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்கிறார்கள். அது கண்மூடித் திறப்பதற்குள் நாற்பது வாசகத்தைக் கொட்டுகிறது. போன மாதம் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் முப்பத்தொன்றில் கனவு இருந்தது. எல்லாவற்றையும் அடித்துப் போட்டேன்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். “கனவு மேல உங்களுக்கு இன்னா சார் கோவம்? எல்லாரும் அதத்தான போடுறாங்க.” டீ ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். சரியான பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகும், அவளுக்கு அன்றைக்கு வேலை இருந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். கம்பெனியைப் பூட்டினார்கள். அப்போது எனக்கு முப்பது வயது, கையெழுத்து நன்றாக இருக்கும், வேறு ஒரு தகுதியும் கிடையாது. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நோட்டீஸ் அடிக்கும் கடை ஒன்றில் எழுத ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முன்பக்கம் ஒரு மேஜை, பின்பக்கம் காலால் மிதித்து ஓட்டும் அச்சு எந்திரம், அதை ஓட்டவும் எழுத்துக் கோக்கவும் நாதமுனி என்று ஒருவர். முதலாளி அமானுல்லா பாய். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனால் நாற்பது வயது மூத்தவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார்.

பாயிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கும் தாளில் பெருமை பேசும் சொல் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுவார். சிறந்த, அருமையான, தரமான, உறுதியான. வட்டம் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“இதுக்கு யாரு சாட்சி நைனா?”

சாட்சி இல்லாத சொல் நோட்டீசில் ஏறாது. அவர் சத்தியவான் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் பத்து கடை நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தது, எல்லாக் கடையிலும் ‘தரமான’ இருந்தது, ஆகையால் அந்தச் சொல்லை ஒருவரும் படிப்பதில்லை என்பது அவருடைய வியாபாரக் கணக்கு. மற்றபடி நாதமுனிக்கு வெள்ளிக்கிழமை தருகிறேன் என்ற சம்பளத்தை அடுத்த செவ்வாய்க்கிழமை தருகிற மனுஷன்தான். வாசகம் பிடித்துப்போனாலும் நல்லா இருக்கு என்று சொல்லமாட்டார். பின்பக்கம் திரும்பி நாதமுனியிடம் “ஏத்துப்பா” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எஸ்டேட்டில் ஒரு மெஸ்ஸுக்கு ‘வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதிக் கொடுத்தேன். வட்டம் விழுந்தது.

“ஊட்டுச் சாப்பாடுன்னு எல்லாந்தான் போட்டுகினு கீறான். எந்த ஊடு?”

மூன்று நாள் அந்த மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டது. ஒரு மணிக்கு மெஸ்காரரின் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நாங்கள் சாப்பிடுகிற அதே குண்டானில் இருந்து சோறு வாங்கி, அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ‘ஒரு மணிக்கு வாருங்கள். எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் சாப்பிடுகிறார்கள்’ என்று எழுதினேன். பாய் பின்பக்கம் திரும்பினார்.

இன்னொன்று கரையான்சாவடி இரும்புக் கட்டில் கடை. ‘உறுதியான’ என்ற சொல்லுக்குச் சாட்சி தேடி பாய், நான், நாதமுனி, கடைக்காரர், அவர் மச்சினர் என்று ஐந்து பேர் கட்டில் மேல் ஏறி நின்றோம். தாங்கியது. பாய்க்கு உற்சாகம் வந்து தெருவில் போன பால்காரரையும் கூப்பிட்டு ஏற்றினார். கட்டிலின் கால் வளைந்துவிட்டது. கடைக்காரர் முகம் வெளுத்துப்போயிற்று. நோட்டீசில் அதை அப்படியே போட்டோம். ஐந்து பேர் நின்றோம், தாங்கியது. ஆறாவது ஆள் ஏறியதும் கால் வளைந்தது. உங்கள் வீட்டில் ஒரே கட்டிலில் ஆறு பேர் படுப்பதுண்டா? கடைக்காரர் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் ஸ்வீட் டப்பாவோடு வந்தார்.

நோட்டீஸ் அடித்து முடித்தாலும் வேலை முடியாது. எங்கள் வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப்பேருக்கு ஆவடி தொழிற்சாலை ஆட்கள்தான் வேண்டும். மாத வருமானம் உள்ளவர்கள், குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள், எது நல்லது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட் திறந்து நூற்றுக்கணக்கில் சைக்கிள் வரும். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மறு கையால் நோட்டீசை வாங்குவார்கள். நாங்கள் நோட்டீஸ் கொடுக்க ஆள் வைத்துவிட்டு, கேட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி நிற்போம். கூட்டம் போனதும் ரோட்டில் கிடப்பதைப் பொறுக்குவோம். விரித்தபடி கிடந்தால் படிக்கவே இல்லை. கசக்கிக் கிடந்தால் படித்துவிட்டு எரிச்சல்பட்டிருக்கிறான். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தவனின் நோட்டீஸ் ரோட்டில் கிடைக்காது. ஆகவே எவ்வளவு குறைவாகப் பொறுக்குகிறோமோ அவ்வளவு நல்ல வாசகம். குனிந்து குனிந்து இடுப்பு வலித்த நாளெல்லாம் நான் மோசமாக எழுதிய நாள்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையில், தணிகாசலம் என்பவர் கடைக்கு வந்தார். ஆவடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஏரிக்குப் பின்னால் நிலம் வாங்கி மனை போட்டிருந்தார். மல்லிகை நகர் என்று பேர். “பூந்தமல்லிக்கு மிக அருகில்னு போட்டுடுங்க பாய்” என்றார். அவர் இருக்கும்போதே பாய் ‘மிக அருகில்’ மேல் வட்டம் போட்டார்.

மறுநாள் நானும் பாயும் இரண்டு சைக்கிளில் போனோம். பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்தோம். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினாறு நிமிடம். கத்திரி வெயில், வழியில் ஒரு மரம் கிடையாது. மனையில் வெள்ளையடித்த கல் வரிசையாக நட்டிருந்தது, நடுவில் புதிதாக வெட்டிய பெரிய கிணறு. எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் பளபளவென்று இருந்தது.

அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பின்னால் ஜனங்கள் குடத்தோடு ஓடினார்கள். அப்படி இருக்கும்போது இங்கே கிணறு நிறையத் தண்ணீர். பாய் தன் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றாலும் அதை அளக்கப் பார்த்தார். கடைசியில் அங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கயிறு வாங்கி, கல்லைக் கட்டி விட்டோம். மேலிருந்து பன்னிரண்டு அடியில் தண்ணீர். இறைத்துக் குடித்தோம். இளநீர் மாதிரி இருந்தது.

“வெயில் காலத்துல வத்தாதாம்மா?” என்று பாய் அந்த அம்மாவைக் கேட்டார்.

“நான் கண்ணாலம் கட்டிகினு வந்ததுலேர்ந்து இந்தப் பக்கம் கெணறு வத்தி பாத்ததில்ல.”

சாட்சி கிடைத்துவிட்டது. அன்று ராத்திரிகூடக் காத்திருக்கவில்லை, திரும்பி வந்த கையோடு எழுதினேன். ‘மல்லிகை நகர். கத்திரி வெயிலில் பன்னிரண்டு அடியில் தண்ணீர். பஸ் நிறுத்தத்திலிருந்து பதினாறு நிமிட நடை, வழியில் நிழல் இல்லை. கயிறும் குடமும் கொண்டு வாருங்கள். நீங்களே இறைத்துக் குடித்துப் பாருங்கள்.’ பாய் படித்தார். ஒரு வட்டம்கூடப் போடவில்லை. “ஏத்துப்பா.”

ஆவடி கேட்டில் அதைக் கொடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். கூட்டம் போன பிறகு இருநூறு அடி நடந்தோம், முந்நூறு அடி நடந்தோம். ரோட்டில் ஒரு நோட்டீஸ் இல்லை. பாய் குனிந்து குனிந்து தேடினார். பீடித் துண்டு கிடைத்தது, ரப்பர் செருப்பின் வார் ஒன்று கிடைத்தது. எங்கள் தாள் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஜனங்கள் கயிறும் குடமுமாக மல்லிகை நகருக்குப் போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து என் அக்கா கடைக்கு வந்தாள். பாக்கியம் என்று பேர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் ராமலிங்கம் மாமா அதே தொழிற்சாலையில் வெல்டர். இருபத்திரண்டு வருடமாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். மாமா ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு அந்த நாட்களில் இந்த ஒரு கவலைதான். வாசலில் தான் வைத்த முருங்கையைப் பார்த்து, “இதுகூட நம்மளது இல்லடா” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவள் பையிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் தாளை எடுத்தாள்.

“மாமா கேட்டுல வாங்கிகினு வந்துச்சு. நீ நோட்டீசு கடையில தான கீற, உனக்குத் தெரியும்ல. இத்த நம்பலாமாடா? எழுதினவன் யாருன்னு தெரியல. ஆனா நெழல் இல்லைன்னு அவனே சொல்றான் பாரு. ஏமாத்துறவன் அத்த சொல்லுவானா?”

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை. நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அளந்து பார்த்ததையும் குடித்துப் பார்த்ததையும் சொன்னேன். “ஒவ்வொரு வார்த்தைக்கும் சாட்சி கீதுக்கா” என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதற்கப்புறம் அவள் வேறு யாரையும் கேட்கவில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் நானே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். கிணற்றுக்கு அடுத்த மனையை வாங்கினார்கள். மாமா வாழ்நாள் முழுக்கப் பற்றவைத்துச் சேர்த்தது எல்லாம் அந்த மண்ணுக்குள் போயிற்று. இரண்டு வருடத்தில் ஒரு அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு எழும்பியது. ஆவணியில் பால் காய்ச்சினார்கள். அக்கா முருங்கைக் கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து வாசலில் நட்டாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் கொஞ்சம் விட்டதும் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு மல்லிகை நகருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டைக் காணோம். முழங்கால் தண்ணீர், போகப் போகத் தொடைத் தண்ணீர். வெள்ளையடித்த கல் ஒன்றும் தெரியவில்லை. நான் அளந்து எழுதிய பதினாறு நிமிடம் அன்று முக்கால் மணி ஆயிற்று. ஏரி எங்கே முடிகிறது, நகர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஏரி நிறைந்தால் தண்ணீர் வந்து தங்குகிற இடத்தில்தான் மனை போட்டிருந்தார் தணிகாசலம். கோடையில் கிணறு வற்றாததற்கும் அதுதான் காரணம்.

வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். மாமா மேஜை மேல் ஸ்டவ்வை வைத்துப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் ரேஷன் கார்டும் கல்யாண போட்டோவும் இருந்தன. என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“கெணறு எங்க கீதுன்னே தெரியலடா” என்றாள். “பன்னண்டு அடின்னு எழுதினியே. இப்போ கட்டில்லேர்ந்து கைய உட்டா எட்டுது.”

மாமா ஸ்டவ்விலிருந்து தலையைத் தூக்காமல், “விடு பாக்கியம், மச்சான் நனைஞ்சி வந்திருக்காப்ல” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் எதை வைக்கவும் உலர்ந்த இடம் இல்லை.

ஈர வேட்டியோடு நேராகக் கடைக்குப் போனேன். பாயிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“பொய்யா எழுதினோம்? எந்த வார்த்த பொய்? காட்டு நைனா.”

“வார்த்த ஒண்ணுகூட பொய் இல்ல பாய். அத்தனையும் படிச்சிட்டுத்தான் எங்க அக்கா ஊடு கட்டிச்சு. இப்போ கட்டில் மேல ஒக்காந்துகினு கீது.”

“அந்தம்மாவ கேட்டோம்ல. வத்தாதுன்னு சொல்லிச்சுல்ல.”

“வத்துமான்னு கேட்டோம். மழ பேஞ்சா இன்னா ஆவும்னு கேட்டமா?”

எருமை மேய்த்த அந்த அம்மாவை நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், மொத்தத்தையும் சொல்லியிருப்பாள். விற்க வேண்டியதற்குத்தான் சாட்சி தேடினோம். அது கிடைத்ததும் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். என் மேலும் அவர் மேலும் எனக்கு அவ்வளவு ஆத்திரம். அன்றைக்கும் மறுநாளும் கடையில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நாதமுனி இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்த்தார்.

மூன்றாம் நாள் பாய் மத்தியானத்துக்கு மேல்தான் கடைக்கு வந்தார். லுங்கி இடுப்புவரை நனைந்திருந்தது, கையில் செருப்பு. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அடித்த நோட்டீஸ் எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வைத்திருப்போம். அதில் மல்லிகை நகர் மஞ்சள் தாளைத் தேடி எடுத்தார். சிவப்புப் பென்சிலால் அதன் தலையில் ‘சித்திரை’ என்று எழுதி, திரும்பவும் கம்பியில் குத்தினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவரிடம் எந்த வாசகம் கொண்டுபோனாலும் இரண்டு கேள்வி வந்தது. யாரு சாட்சி? எந்த மாசத்துச் சாட்சி?

தை பிறந்து தண்ணீர் வடிந்தது. பங்குனியில் தணிகாசலம் மறுபடி வந்தார். நகரை நீட்டி இரண்டாவது பகுதி மனை போடுகிறார், அதே நோட்டீஸ் வேண்டும். “அந்தக் கயிறு, குடம் மேட்டர் சூப்பர் பாய். அத்தயே அடிச்சுக் குடுங்க.” மழையில் நகரே முழுகியதைப் பற்றி நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“ரெண்டு வாரம் நிக்கும், வடிஞ்சிடும். மழைல எங்கதான் சார் தண்ணி நிக்கல?”

எங்கள் கடையின் பெரிய வாடிக்கைக்காரர் அவர். பாய் அவரை உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பழைய நோட்டீசை அப்படியே எழுதி, கீழே இரண்டு வரி சேர்த்தேன். ‘கார்த்திகையில் தெருவில் தொடை அளவு தண்ணீர் நிற்கும். தரையை நாலடி உயர்த்திக் கட்டவும்.’ பாய் படித்தார். தணிகாசலத்திடம் காட்டுவதற்கு முன்பே பின்பக்கம் திரும்பி “ஏத்துப்பா” என்றார். பாய் மேல் நான் வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் போயிற்று.

தணிகாசலம் தாளைப் பிடுங்கிப் படித்தார். “பைத்தியம் புடிச்சிடுச்சா பாய் உங்களுக்கு?” என்று கேட்டார். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அடுத்த வாரம் ஆவடி கேட்டில் வேறு கடையில் அடித்த பளபளப்பான நோட்டீஸ் ஒன்று வந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘உங்கள் கனவு இல்லம்’. கீழே பூவும் குருவியும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மழையைப் பற்றியும் இல்லை. நானும் பாயும் பழக்கதோஷத்தில் போய்ப் பொறுக்கினோம். நிறையத்தான் ரோட்டில் கிடந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் மனை பார்க்கப் போனார்கள். நான் பழையபடி எழுத மறுத்ததால் ஒருவரும் காப்பாற்றப்படவில்லை. அது எனக்குப் பெரிய அடி.

வருகிறவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கூடத்துச் சுவரில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. மாமா வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறவைத்தார். அக்கா அந்தச் சுவரை மட்டும் தொட விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனை பார்க்க வருகிறவர்களை வாசலில் நின்று கூப்பிடுவாள். ஒரு நாள் நானும் இருந்தேன். அம்பத்தூரிலிருந்து ஒரு இளம் ஜோடி, கையில் குழந்தையோடு வந்தார்கள். அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

“தண்ணி நல்லா இனிப்பா கீதுக்கா” என்றாள் அந்தப் பெண்.

“இனிப்பாத்தான் இருக்கும். வெயில்லயும் வத்தாது. உள்ள வாம்மா, இன்னொண்ணு காட்டுறேன்.”

சுவரைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் புருஷன் கோட்டுக்குப் பக்கத்தில் காலை வைத்து அளந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

“அப்போ வாங்க வேணாம்ன்றீங்களா?”

“வாங்காதன்னு நான் சொல்லலப்பா. எங்களுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியட்டும். வாங்கினா நாலடி தூக்கிக் கட்டு.”

சிலர் அப்படியே திரும்பிப் போனார்கள். சிலர் வாங்கினார்கள், நாலடி தூக்கிக் கட்டினார்கள். தணிகாசலம் ஒரு தடவை வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். “யம்மா, ஏன் என் வியாபாரத்த கெடுக்கிற?” அக்கா முறத்தை வைத்துவிட்டு நிதானமாக எழுந்தாள். “நான் இன்னா மைக்கு வெச்சா கத்துறேன்? என் ஊட்டு சொவர நான் காட்டுறேன். நீயும் வந்து பாக்குறியா?” அவர் உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் நான் நிறைய எழுதிவிட்டேன். தொண்ணூறுகளில் நகைக்கடை, கம்ப்யூட்டர் சென்டர், கேபிள் டிவியில் கீழே ஓடும் வரி என்று காலம் எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று. பாய் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் இந்த வேலையில் நான் எழுதியதிலேயே சிறியது எது என்று கேட்டால், வெள்ளத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது கோடையில் எழுதியதுதான்.

அக்காவுக்கு முட்டிவலி வந்து வாசலில் நிற்க முடியாமல் போயிற்று. என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். கருப்பு பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கிவரச் சொன்னாள்.

“அந்தக் கோட்டுக்கு மேல ஒரு வரி எழுதுடா. நான் படுத்துகினு இருந்தாலும் வர்றவங்க படிச்சுக்கட்டும். உன் கைவேல தான.”

கூடத்தில் சுவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ‘எச்சரிக்கை’ என்று தோன்றியது. அது போலீஸ்காரன் எழுதுவது. ‘வெள்ளத்தின் கொடுமை’ என்று தோன்றியது. பாய் வட்டம் போடுவது கண்ணுக்குள் தெரிந்தது. காலையில் உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குமேல் பெயிண்டைத் திறந்து இரண்டு சொல் எழுதினேன். கார்த்திகையில் இதுவரை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். ஐந்தாவதுவரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“நல்லாதான் கீது. இத்த மொத நோட்டீசுலயே எழுதி இருக்கலாம்லடா” என்றாள். “அப்பவும் இந்த எடத்தத்தான் வாங்கி இருப்பேன். வெயில் காலத்துல தண்ணி கெடைக்கிற எடம் வேற எங்க கீது? அஸ்திவாரத்த மட்டும் தூக்கிப் போட்டிருப்பேன்.”

அதில் கோபமே இல்லை. நான் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் விட்டுக் கழுவினேன். கருப்பெல்லாம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன்.